பருவம் தவறலாமா தேர்தல்?

மழை வருகிறது என்று மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்கு எவரும் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வாடைக்காற்று திரும்பும்போதே அவன் அறிந்துகொள்வான். பாத்தியில் விளைந்த கடைசி உப்பையும் வாரி, மேட்டிலே குவித்து, கீற்று வேய்ந்து மூடிவிடுவான். ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பித்த பாடு செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று சோம்பியிருந்தால், ஒன்பது மாத உழைப்பும் ஒரே இரவில் தண்ணீராய்க் கரைந்து போகும். பருவம் தவறக்கூடாது! தொழில் அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதற்பாடம் அதுதான்.

பள்ளிக்கூடத்துப் படியை மிதிக்காத அந்தத் தோழன் அறிந்து வைத்திருக்கும் அந்தப் பாடத்தை, பட்டங்கள் பல பெற்றோரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு நாடாளுகிற நம் அரசாங்கங்கள் அறியவில்லையே! அதுதான் நமது வருத்தம். ஊராட்சித் தேர்தலுக்கும் ஒரு பருவம் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது வர வேண்டும். வந்ததா? வந்தபோதெல்லாம் காலத்தில் வந்ததா? இந்தக் கேள்வியைக் கூனிமேட்டுக் கடற்கரையில் நின்று கேட்க விரும்புகிறோம்.

கூனிமேடு எங்கே இருக்கிறது என்று கேட்போர் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் ஒன்றியத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்துக்கும் புதுவைக்கும் இடையே இருக்கிறது. சென்னையிலிருந்து புதுவைக்குப் பறந்து செல்லும் கார்களிலே இருப்போருக்கு அது சாலையோரத்துப் பெயர்ப்பலகை, கண்ணிமைத்தால் மறைந்துபோகும். அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பவர்களோ வலை வீசுவோர், உப்பு வாருவோர், கூலி வேலைக்குப் போவோர், சிறு கடை வைத்துப் பிழைப்போர். பெரிய மன்றங்களில் அந்த ஊரின் பெயர் உச்சரிக்கப்படுவது அரிது. அந்த ஊருக்கென்று ஒரு மன்றம் உண்டென்றால், அது அந்த ஊரின் ஊராட்சி மன்றம்தான்.

அந்த மன்றத்தின் கதையைக் கேளுங்கள், தோழர்களே!

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் 17, 19 ஆகிய நாட்களில் தேர்தல் என்று அறிவித்தார்கள். சுவரிலே வெள்ளையடித்தாயிற்று, சின்னமும் வரைந்தாயிற்று. பழங்குடி மக்களுக்குரிய இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. அறிவிக்கை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4ஆம் நாள் தீர்ப்பளித்தது. குறை இருந்தால் திருத்துவது முறைதான். திருத்த எத்தனை நாள் வேண்டும்? ஒரு மாதம்? ஆறு மாதம்? மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று! 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. ஒன்பது மாவட்டங்கள் மட்டும் விட்டுப்போயின. அந்த ஒன்பதிலே ஒன்று விழுப்புரம்!

காரணம் என்ன? 2019 நவம்பரில் விழுப்புரத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சி மாவட்டம் அமைத்தார்கள். மாவட்டங்கள் புதிதாகப் பிரிந்த இடங்களில் எல்லைகளை வரையறுத்த பின்னரே தேர்தல் நடக்கவேண்டும் என்றது உச்சநீதிமன்றம். நான்கு மாதங்களில் முடிக்கச் சொன்ன வேலை இழுத்தது. இடையே கொரோனா நோய் வந்தது. மீண்டும் உச்சநீதிமன்றம் 2021 ஜூனில் கெடு வைத்தது. கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் வாக்குச்சாவடி திறந்தது. அக்டோபர் 20ஆம் நாள் உறுப்பினர்கள் பதவி ஏற்றார்கள்.

கணக்குப் பாருங்கள். 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை, ஐந்து ஆண்டுகள்! ஒரு மன்றத்தின் முழு ஆயுள்! அந்த வேளையில் பிறந்த குழந்தை, நடை பழகி, பேச்சுப் பழகி, பள்ளியிலே சேரும் வயதை அடைந்துவிட்டது. அதுவரை அதன் ஊரிலே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. வார்டு உறுப்பினர் இல்லை.

தேர்தல்தான் ஒத்திவைக்கப்பட்டது. ஊரின் தொல்லைகள் ஒத்திவைக்கப்பட்டனவா? 2020 நவம்பர் 25ஆம் நாள் இரவு, நிவர் புயல் புதுவைக்கும் மரக்காணத்துக்கும் இடையிலான இந்தக் கரையிலேதான் ஏறியது. எல்லை வரையறை முடியட்டும் என்று அது காத்திருந்ததா? கடலோரத்துக் குடிசைக்காரன் அந்த இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டினான்? எந்தக் கிழவி நடக்கமாட்டாதவள், எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் நுழையும், எந்த வீட்டுக் கூரை பறக்கும் என்பதையெல்லாம் கோப்பு அறியாது. அந்த வார்டிலே பிறந்து வளர்ந்த உறுப்பினன் அறிவான். அவனைத்தான் அந்த ஐந்தாண்டும் இந்தக் கரைக்கு இல்லையென்று செய்துவிட்டார்கள்.

“அதற்கென்ன, தனி அலுவலர் இருந்தாரே! அவர் பார்த்துக்கொள்ளவில்லையா?” என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். தனி அலுவலர்கள் எல்லாரையும் நாம் குறை கூறவில்லை. அவர்களிலே நேர்மையாளர் உண்டு. இரவு பகல் பாராது உழைத்தவர் உண்டு. ஆனால் ஒன்று எண்ணிப் பாருங்கள். ஒன்றியத்து வட்டார வளர்ச்சி அலுவலர்தான் ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர். விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் 688 ஊராட்சிகள் இருக்கின்றன. ஒருவர் தலையிலே ஐம்பது ஊர் என்றால், நாளுக்கு ஓர் ஊர் சென்றாலும் மறுபடி அதே ஊருக்கு வர இரண்டு மாதம் ஆகும். அவர் வரும் நாளில்தான் குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும். அவர் வரும் நாளில்தான் தெருவிளக்கு அணைய வேண்டும்!

அதைவிடப் பெரிய குறை வேறொன்று. அலுவலர் மேலே பார்த்துப் பதில் சொல்பவர். உறுப்பினன் கீழே பார்த்துப் பதில் சொல்பவன். அலுவலரிடம் மனு கொடுக்கிறோம், உறுப்பினனிடம் சண்டை பிடிக்கிறோம். மனுவுக்கு ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வரும். சண்டைக்கு அன்று மாலையே மின்விளக்கு வரும். அடுத்த தேர்தலில் அந்தத் தெருவிலே அவன் மறுபடி கைகூப்பி நிற்க வேண்டுமே!

காசுக்கும் அதே கதை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாத காரணத்தால், பதினான்காவது நிதிக்குழு நம் ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் ஒரு பகுதியை டில்லி நிறுத்தி வைத்தது. தேர்தலை நடத்தாதது யாரோ, தண்டனை தெருக்குழாய்க்கு!

கூனிமேட்டுக்கு நேர்ந்தது ஐந்தாண்டு. பக்கத்தில் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அதே சாலையிலே தெற்கே சிறிது தூரம் சென்றால் புதுவையின் எல்லை. அங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது எப்போது? 2006இல்! முப்பத்தெட்டு ஆண்டுகள்! 1968இல் வாக்களித்த இளைஞன் பேரப்பிள்ளையோடு வந்து அடுத்த வாக்கைப் போட்டான். 2006இல் வந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு மீண்டும் இருள். 2021இல் தேர்தல் என்று அறிவித்தார்கள், அதுவும் நின்றது. எல்லைக் கல்லுக்கு இந்தப் புறம் ஐந்தாண்டு, அந்தப் புறம் அதனினும் நெடியது. கடல் ஒன்றுதான், காற்று ஒன்றுதான், கதையும் ஒன்றுதான்!

புதுவையைச் சொல்லிவிட்டு நம் முதுகை மறைத்துக்கொள்ள மாட்டோம். தமிழ்நாட்டில் 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986இல்தான். அந்த மன்றங்கள் 1991இல் முடிந்தன, அடுத்தது 1996இல். 1688இல் அமைந்து, இந்தியாவிலேயே மூத்தது என்று நாம் பெருமை பேசும் சென்னை மாநகராட்சியின் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. 1996 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள் அங்கே மேயர் இல்லை. அந்த ஆண்டுகளில் கோட்டையில் ஒரே கொடிதான் பறந்ததா? காட்சி மாறிற்று, கட்சி மாறிற்று, காலி நாற்காலி மட்டும் மாறவில்லை.

மாற்றார் தேர்தலைத் தள்ளிப்போட்டால் ‘மக்களாட்சிக்கு மரண அடி’ என்று தலைப்பிடுவதும், நமக்கு வேண்டியவர் தள்ளிப்போட்டால் ‘நிர்வாக வசதி’ என்று நீட்டி முழக்குவதும் நமது பேனாவுக்குக் கூசுகிற வேலை. இந்த ஏட்டைக் கையிலே வைத்திருக்கும் கழகத் தோழன், உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவன். அவனிடம் இரண்டு தராசு காட்டி நாம் பிழைக்க வேண்டியதில்லை.

எதற்காக இப்படி அஞ்சுகிறார்கள்? காரணம் எளிது. ஊராட்சித் தலைவர் என்று ஒருவன் வந்துவிட்டால், ஒப்பந்தக்காரர் அவனைப் பார்க்க வேண்டும். அதிகாரி அவனைக் கேட்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் அவனைக் கலக்க வேண்டும். ஐந்தாண்டு நல்ல பெயர் எடுத்துவிட்டானென்றால், நாளை அவனே மேலிடத்துக்கு வேட்பாளராக வந்து நிற்பான். ஏணியில் ஏறி மாடிக்குப் போனவனுக்கு, ஏணி இன்னும் சாய்த்தே இருந்தால் உறக்கம் வருவதில்லை.

அந்த ஏணியின் அருமை நமக்குத் தெரியாதா? பெரியார் பொதுவாழ்வைப் பழகியது எங்கே? ஈரோட்டு நகரமன்றத்தில். குடிநீர்க் குழாய்க்கும் தெருவின் துப்புரவுக்கும் பாடுபட்ட பின்னரே அவர் நாடறிந்த தலைவரானார். 1959இல் சென்னை மாநகராட்சித் தேர்தலிலே தி.மு.கழகம் பெருவெற்றி கண்டது, அ.பொ. அரசு மேயரானார். எட்டே ஆண்டுகளில், 1967இல், கோட்டையின் கதவு திறந்தது. கோட்டைக்குப் போன பாதை மாநகராட்சி மன்றத்தின் வாசற்படி வழியாகத்தான் போயிற்று. இதை அறிந்த இயக்கத்தார் ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போடலாமா? தள்ளிப்போடுவோரைக் கண்டு வாய்மூடி இருக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம், ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு, அதற்குமேல் ஒரு நாளும் நீளாது, அந்தக் காலம் முடிவதற்கு முன்பே புதிய தேர்தல் முடிந்திருக்க வேண்டும். தேர்தலை நடத்தவென்றே மாநிலத் தேர்தல் ஆணையம் உண்டு. வார்டைத் திருத்தவேண்டுமா? இடஒதுக்கீட்டைச் சுழற்ற வேண்டுமா? ஐந்து முழு ஆண்டுகள் இருக்கின்றனவே! கல்யாணத் தேதி தெரிந்திருந்தும், தாலி கட்டும் நேரத்தில் பொன் வாங்கப் புறப்படுகிறவனை ஊர் என்னவென்று சொல்லும்?

இவ்வளவு பட்ட பின்னும் பாடம் படித்தோமா? 2019இல் தேர்தல் நடந்த பகுதிகளில், இப்போதைய கணக்கில் 28 மாவட்டங்களில், ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. புதிய மன்றம் வந்து அமர்ந்ததா? தனி அலுவலர்தான் வந்து அமர்ந்தார். மீண்டும் வார்டு வரையறை, மீண்டும் ஏற்பாடு, மீண்டும் அவகாசம்! 2021இல் தேர்தல் கண்ட ஒன்பது மாவட்டங்களின் ஐந்தாண்டுக் கணக்கோ 2026 அக்டோபரோடு நிறைகிறது. கூனிமேட்டின் கணக்கும் அதுதான். வாடைக்காற்றுத் திரும்புகிற அதே அக்டோபர்! உப்பளம் மூடுகிற மாதத்தில் ஊராட்சி மன்றமும் மூடிக்கிடக்க நாம் சம்மதிக்கிறோமா?

செய்ய முடியாத காரியத்தையா கேட்கிறோம்? பக்கத்திலே கேரளம் இருக்கிறது. 1995, 2000, 2005, 2010, 2015, 2020, 2025 என்று கடிகாரம் அடிப்பதுபோல அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2020 டிசம்பரில் கொரோனா உலகையே உலுக்கியபோதும் வாக்காளர்கள் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இந்த ஆட்சி, அந்த ஆட்சி என்று கோட்டையிலே மாறியும் நாள் மாறவில்லை. கேரளத்தாருக்கு நோய் இல்லையா? மழை இல்லையா? வார்டு இல்லையா? மனம் இருந்தது, நடந்தது!

‘அந்தக் காலத்திலேயே உத்தரமேரூரில் குடவோலைத் தேர்தல் நடத்திய நாடு இது’ என்று மேடைகளிலே முழங்குவோர் பலர். நாமும் அந்தக் கல்வெட்டைப் படித்திருக்கிறோம். பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 921ஆம் ஆண்டினது. அந்தக் குடத்திலே யாருடைய பெயர் எழுதிய ஓலை விழுந்தது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உடையவன், சொந்த மனையிலே வீடு கட்டியவன், வேதம் பயின்றவன், இவர்களுடைய ஓலைதான்! உழுதவனுக்கு அங்கே இடமில்லை, உப்பு வாரியவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை.

ஆனால் அந்தக் கல்வெட்டிலே ஒரு வரி நமக்கு வேண்டும். வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கக்கூடாது. அவன் உறவினரும் நிற்கக்கூடாது! நிலம் உடையவனுக்கே அந்தக் கட்டுப்பாடு இருந்தது. இன்று ஓலை, வாக்குச்சீட்டாக வளர்ந்து, உழுபவன் கைக்கும் உப்பு வாருகிறவள் கைக்கும் வந்திருக்கிறது. குடம் நம் கைக்கு வந்த பிறகு, குடத்தையே ஒளித்துவைக்கிறார்களே! அதைத்தான் எதிர்க்கிறோம்.

இந்த மன்றத்தில் இருக்கும் இன்னொரு நன்மையை உழைக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு நிற்பதென்றால் கோடியைப் பற்றிப் பேசுகிறார்கள். 2021 ஊரகத் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை எவ்வளவு? இருநூறு ரூபாய்! ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அந்த ஒன்பது மாவட்டங்களில் மட்டும் 27,003 பதவிகள். அவற்றிலே 22,581 வார்டு உறுப்பினர் பதவிகள். கூலிக்காரன் தன் கூலிப் பணத்தைக் கட்டி நிற்கக்கூடிய மன்றம் இந்த நாட்டில் இது ஒன்றுதான். அதனால்தான் பூட்டு முதலில் இதன் மேல் விழுகிறது. அதனால்தான் நாமும் முதலில் இதற்குச் சாவி கேட்கவேண்டும்.

பூட்டுப் போடுவது கோட்டை மட்டுமா? நம் ஊரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

2019இலும் 2021இலும் ஏடுகள் வெளியிட்ட செய்திகளை மறக்க முடியுமா? கோயில் திடலில் கூட்டம் போட்டு, தலைவர் பதவியை ஏலம் விட்டார்கள். கோயில் கட்டப் பணம் கிடைத்ததாம். எனவே போட்டி வேண்டாமாம்! ஏலத்தில் எடுத்தவன் இலட்சங்களைப் போட்டான். அடுத்த ஐந்தாண்டு அவன் சேவையா செய்வான்? போட்ட முதலை எடுப்பான், வட்டியோடு எடுப்பான். உன் குழாயிலிருந்து எடுப்பான், உன் வீட்டு மனையிலிருந்து எடுப்பான். ஒரு நாள் கோபுரத்துக்கு வெள்ளையடித்து, ஐந்தாண்டு ஊருக்குக் கரி பூசுகிற வேலை அது.

சாதியின் பூட்டோ இரத்தக் கறை படிந்தது. மதுரை மாவட்டத்து மேலவளவில், ஒதுக்கீட்டுத் தொகுதியில் வென்ற குற்றத்துக்காகத் தலைவர் முருகேசனையும் உடன் வந்தோரையும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் 2006 வரை, ஆதிதிராவிடர் ஒருவர் தலைவர் நாற்காலியில் அமர முடியாதபடி ஊர்க்கட்டுப்பாடு தடுத்தது. நாற்காலிக்கு நாலு கால்தான். அதில் யார் உட்காரவேண்டும் என்பதற்காக எத்தனை உயிர், எத்தனை ஆண்டு! ஊராட்சித் தேர்தல் சிறு தேர்தல் என்று இனி எவரேனும் சொன்னால், மேலவளவுக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. நல்ல சட்டம், நாம் வரவேற்றுப் பாராட்டும் சட்டம். ஆனால் பல ஊர்களில் என்ன காண்கிறோம்? வென்றவள் வீட்டிலே, நாற்காலியில் கணவன்! பாத்தியிலே கொளுத்தும் வெயிலில் ஆணுக்கு நிகராக உப்புச் சுமக்கிற பெண்ணுக்கு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடத் தெரியாதா? இந்த ஆட்டத்தை ஆடும் தோழர் நம் அணியில் இருந்தாலும், அவர் செய்வது தவறுதான்.

உப்பளத்துக் கூலியை உயர்த்தும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை என்பதை நாம் அறிவோம். உப்பு நிலத்தின் குத்தகை அதன் கையில் இல்லை. கடலரிப்புக்குக் கல் கொட்டும் பெருநிதியும் அதன் கையில் இல்லை. முடியாததை முடியும் என்று சொல்லி வாக்கு வாங்குவது நமது வழக்கமன்று. ஆனால் உவர்நீர்க் கரையிலே நல்ல தண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்த வேளையில் வரும் என்பது அதன் கையில் இருக்கிறது. தெருவிளக்கு, வடிகால், குளம், சுடுகாட்டுப் பாதை, வீட்டு வரி ஆகியவை அதன் கையில் இருக்கின்றன. மழை மாதங்களில் வேலையற்று இருக்கும் உப்பளத் தொழிலாளிக்கு அரசு 2022இல் தொடங்கிய 5,000 ரூபாய் நிவாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலிலே யார் பெயர் விட்டுப்போயிற்று என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

ஆகவே தோழர்களே, நாம் வேண்டுவது இரண்டு. ஒன்று அரசாங்கத்திடம், மற்றொன்று உங்களிடம்.

அரசாங்கத்துக்குச் சொல்கிறோம்: கோட்டையில் யார் அமர்ந்தாலும், ஐந்தாண்டின் கடைசி நாளுக்கு முன்னே தேர்தல் முடிய வேண்டும். வரையறை வேலையை முதலாண்டிலேயே தொடங்குங்கள். தனி அலுவலர் என்ற ஏற்பாடு, காய்ச்சலுக்குக் கசாயம் போல. அதையே மூன்று வேளைச் சோறாக ஊட்டாதீர்கள்.

உங்களுக்குச் சொல்கிறோம்: தேர்தல் வரும்போது மட்டும் விழிக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை என அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆறு நாளும் போங்கள். மிக்சர் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வரும் கூட்டமாக இருக்க வேண்டாம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்த வேலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மன்றம் இருந்தால் தலைவரைக் கேளுங்கள். மன்றம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று அதிகாரியைக் கேட்டுத் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். உத்தரமேரூர்க் கல்லில் வெட்டியதை, கூனிமேட்டுப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறோம்.

வாக்காளர் பட்டியலை இன்றே பாருங்கள். உப்பளம் மூடியதும் பிழைப்புக்காக வெளியூர் போகும் குடும்பத்தின் பெயர்தான் முதலில் அடிபடும். வாக்குச்சாவடியில் நாலு சீட்டுக் கொடுப்பார்கள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் இருக்கும். அங்கே கொள்கையைப் பாருங்கள். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சிச் சின்னம் இராது. அங்கே ஆளைப் பாருங்கள். நம் கட்சிக்காரன் என்பதற்காகக் கள்ளனுக்குப் போடாதீர்கள். நம் சாதிக்காரன் என்பதற்காக ஒருபோதும் போடாதீர்கள். புயலடித்த இரவில் எவன் உன் கதவைத் தட்டி ‘எழுந்து வா’ என்றானோ, அவனுக்குப் போடுங்கள்.

2021இல் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் வரிசையில் வந்து நின்றார்கள். பட்டினத்துப் பங்களாக்கள் உறங்கிக் கிடக்கும் நாளில், பட்டிக்காட்டுக் கால்கள்தான் வாக்குச்சாவடிக்கு நடந்தன. ஆர்வம் இல்லாத மக்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. நாம் வரத் தயார். நமக்கு நாள் குறிக்கத்தான் ஆள் இல்லை!

1930இல் உப்புக்கு வரி போட்டான் வெள்ளைக்காரன் என்று இந்த நாடே கடற்கரைக்கு நடந்தது. ஒரு பிடி உப்பு, ஒரு பேரரசைக் கேள்வி கேட்டது. அந்த உப்பை இன்று விளைவிக்கும் கையிலே ஒரு சீட்டு இருக்கிறது. அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தவறாமல், அந்தக் கை பெட்டியிலே போட வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

உப்பு, பருவம் தப்பினால் கரையும். உரிமையும் அப்படித்தான். கீற்றை எடுத்து மூடுங்கள், தோழர்களே, மழை வருகிறது.